புகை சூழ்ந்த ஊரும் பள்ளிக் குழந்தைகளும்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழலும் மக்கள் நல்வாழ்வும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரியது. அதனால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஆட்சிமுறையும் பொருளாதாரமும் ஒருசேர மாறிய ஒரு நாட்டில், காற்று எப்படிச் சுத்தமானது என்பதற்கு அந்த ஊர் நல்ல சான்று. அதன் பெயர் டெப்லிட்செ. இன்றைய செக் குடியரசின் வடபகுதியில் இருக்கிறது.

அது மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு. அங்கு பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது. நம் நெய்வேலியில் எடுக்கிறோமே, அதே வகை. அந்தக் கரியில் கந்தகம் அதிகம். அதை எரித்தே அனல்மின் நிலையங்கள் ஓடின. வீடுகளிலும் குளிர்காய அதையே எரித்தார்கள். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிடும். மேலே உள்ள வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் அதை அமுக்கி வைக்கும். போகியன்று காலையில் புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அங்கே அது நாள்கணக்கில் நின்றது. கந்தக டைஆக்சைடும் தூசியும் மக்கள் மூச்சில் கலந்தன. மலைமேல் இருந்த காடுகள் கருகின. செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி, போலந்து மூன்றும் சந்திக்கும் அந்த வட்டாரத்துக்குக் 'கருப்பு முக்கோணம்' என்றே பெயர் வந்தது.

அன்றைய அரசு என்ன செய்தது? காற்றின் நிலை பற்றிய விவரங்களை மக்களுக்குச் சொல்லாமல் மறைத்தது. அந்த வட்டாரத்தை விட்டுப் போகாமல் தங்கியவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. மக்கள் அதைக் கசப்போடு 'ஈமச்சடங்குப் பணம்' என்றார்கள். பள்ளிக் குழந்தைகளை ஆசிரியர்களோடு சில வாரங்களுக்குத் தூய காற்றுள்ள இடங்களுக்கு அனுப்பியது. பாடமும் அங்கேயே நடந்தது. 'இயற்கையில் பள்ளி' என்று அதற்குப் பெயர்.

ஆசிரியர்களாகிய நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த ஏற்பாடு குழந்தைகளுக்கு நல்லதுதான். உடன் சென்ற ஆசிரியர்கள் உண்மையான அக்கறையோடுதான் சென்றிருப்பார்கள். ஆனால் இடம் மாறியது குழந்தை மட்டுமே. புகை அங்கேயே இருந்தது. சில வாரம் கழித்துக் குழந்தை அதே புகைக்குள் திரும்பி வந்தது.

1989 நவம்பர் 11 அன்று, புகை மூடிக் கிடந்த நாளில், டெப்லிட்செ மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது சுத்தமான காற்றை. ஆறு நாள் கழித்து, நவம்பர் 17 அன்று, தலைநகர் பிராகாவில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ஆண்டு முடிவதற்குள் ஆட்சியே மாறிவிட்டது.

ஆட்சி மாறியதும் காற்று தானாகச் சுத்தமாகிவிடவில்லை. 1991இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1998ஆம் ஆண்டு முடிவதற்குள் பெரிய ஆலைகள் எல்லாம் வரம்புக்குள் வர வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்று கெடு விதித்தது. 1993இல் நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் செக் குடியரசு அந்தக் கெடுவைத் தளர்த்தவில்லை. பழைய உலைகள் சிலவற்றை மூடினார்கள். மற்றவற்றில் கந்தக நீக்கக் கருவி பொருத்தினார்கள். புகையைச் சுண்ணாம்புக்கல் கலந்த நீர் வழியாகச் செலுத்தினால் கந்தக டைஆக்சைடு அதில் வினைபுரிந்து ஜிப்சமாக மாறும். அந்த ஜிப்சம் கட்டடப் பலகை செய்யப் பயன்படும். அமில மழைப் பாடம் நடத்தும்போது இந்த வினையையும் சேர்த்துச் சொல்லலாம். வீடுகளிலும் கரி அடுப்புக்குப் பதில் எரிவாயு வந்தது. 1990க்கும் 2000க்கும் இடையே நாட்டின் கந்தக டைஆக்சைடு வெளியீடு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

மருத்துவ ஆய்வும் கூடவே நடந்தது. டெப்லிட்செ வட்டாரத்தையும், காற்று தூய்மையாக இருந்த பிராகாடிட்செ வட்டாரத்தையும் ஒப்பிட்டார்கள். கருவுற்ற முதல் மாதத்தில் தாய் அதிகத் தூசியைச் சுவாசித்திருந்தால் கருவின் வளர்ச்சி குன்றும் வாய்ப்பு கூடுவதைக் கண்டார்கள். மூச்சுக்குழல் நோய்களையும் ஆராய்ந்தார்கள்.

1990இல் சுமார் 71 ஆண்டாக இருந்த செக் மக்களின் சராசரி ஆயுள் 2010இல் சுமார் 77 ஆனது. இது முழுவதும் காற்றால் வந்தது என்று சொல்ல முடியாது. இதய சிகிச்சையும் உணவுப் பழக்கமும் மாறியதற்கு இதில் பெரும் பங்கு உண்டு. மாணவர்களிடமும் இப்படியே பிரித்துச் சொல்ல வேண்டும். மாற்றத்துக்கு விலையும் இருந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் பலர் வேலை இழந்தார்கள். இன்றும் அந்நாட்டில் வேலையின்மை அதிகமுள்ள பகுதிகளில் அது ஒன்று.

நிறைவாக ஒன்று. டெப்லிட்செயில் முதலில் மறைக்கப்பட்டது தகவல். நம் கையில் ஒரு தகவல் தினமும் இருக்கிறது: வருகைப் பதிவேடு. எந்த மாதத்தில், எந்தத் தெருப் பிள்ளைகள், இருமல் என்றும் மூச்சுத்திணறல் என்றும் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள்? பக்கத்தில் குப்பை எரிகிறதா, சூளை இருக்கிறதா? காரணத்தை நாமே முடிவு செய்ய வேண்டாம். குறித்து வைத்து, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுவோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுவோம். "அவன் அடிக்கடி லீவு போடுவான் சார்" என்று விட்டுவிடும் பிள்ளைக்காக இந்த வேலையைச் செய்யலாம்.