அசல் முத்திரை

ஒரு பள்ளி மாணவி, துணைத் தலைமை ஆசிரியரைக் கிண்டல் செய்து மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் போட்டாள். "இது வெறும் விளையாட்டு" என்று அதிலேயே எழுதியும் வைத்திருந்தாள். பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பவேண்டிய விஷயம். ஆனால் நீதிபதி அவளுக்குக் கொடுத்தது மூன்று மாதச் சிறார் காவல்!

இது நடந்தது 2007-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லூசர்ன் மாவட்டத்தில். நீதிபதி பெயர் மார்க் சியாவரெல்லா. வக்கீல் வேண்டாம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். சில நிமிடங்களில் தீர்ப்பு வந்துவிடும். பிள்ளையை அப்படியே காலில் சங்கிலி போட்டு அழைத்துப் போவார்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பணம்தான். அவரும் சக நீதிபதி மைக்கேல் கானஹனும் தனியார் சிறார் காவல் இல்லத்தைக் கட்டியவர், நடத்தியவர் ஆகியோரிடமிருந்து 28 லட்சம் டாலர் வாங்கியிருந்தார்கள். மாவட்டம் நடத்திவந்த பழைய இல்லத்தை மூடவைத்தவரும் கானஹன்தான்.

லஞ்சம் கேட்கும் ஆளை ஊர் ஏசலாம். இங்கே அங்கியும் அசல், முத்திரையும் அசல். யாரிடம் போய்ச் சொல்வது? "நம்ம பிள்ளைதான் ஏதோ தப்பு பண்ணியிருக்கும்" என்று நினைத்த பெற்றோர் எத்தனை பேரோ!

2009-இல் மாநில உச்ச நீதிமன்றம் சியாவரெல்லா கொடுத்த தீர்ப்புகளை ஆயிரக்கணக்கில் ரத்து செய்தது. 2011-இல் சியாவரெல்லாவுக்கு 28 ஆண்டு சிறை. கானஹனுக்குப் பதினேழரை ஆண்டு. அந்தக் கானஹனின் தண்டனையை 2024 டிசம்பரில் அதிபர் பைடன் குறைத்துவிட்டார். அதுவும் சட்டப்படிதான்.