பொன்விழா ஆண்டும் திருப்பிக் கொடுக்கும் கடமையும்

(நம் பங்கின் பொன்விழா ஆண்டுத் தொடக்கத்தில் நடைபெற்ற மூன்று நாள் தியானத்தில், பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தமாக நிகழ்த்தப்பெற்ற உரை)



நம் கோவிலின் பொன்விழா ஆண்டு கொடியேற்றத்துடன் தொடங்கியிருக்கிறது. ஆண்டு நிறைவில் ஆயர் அவர்கள் எழுந்தருளி நன்றித் திருப்பலி நிறைவேற்ற இருக்கிறார்கள். அதற்குள் கோபுரத்துக்கு வர்ணம் பூச வேண்டும், பீடத்தைப் புதுப்பிக்க வேண்டும், மலர் வெளியிட வேண்டும் என்று விழாக் குழுவினர் திட்டமிட்டிருக்கிறார்கள். மிகவும் நல்லது. கோவிலைப் புதுப்பிக்கும் நாம் ஆத்துமத்தையும் புதுப்பிக்க வேண்டாமா? அதற்காகவே இன்று பாவத்தைப் பற்றிச் சிந்திக்கக் கூடியிருக்கிறோம். திருவிழாக் காலத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். யூபிலி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

பழைய ஏற்பாட்டில், லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழு ஏழாக 49 ஆண்டுகள் கழிந்தபின் வரும் 50-ஆம் ஆண்டைப் பரிசுத்த ஆண்டாகக் கொண்டாடும்படி கடவுள் மோயீசனுக்குக் கட்டளையிட்டார். அந்த ஆண்டை அறிவிக்க ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். அதற்கு எபிரேய மொழியில் 'யோபேல்' என்று பெயர். அதிலிருந்தே யூபிலி என்ற சொல் பிறந்தது. எந்த நாளில் ஊதினார்கள்? பாவப் பரிகார நாளில்! அந்த ஆண்டில் என்ன நடக்க வேண்டும்? வறுமையால் விற்கப்பட்ட நிலம் பழைய சொந்தக்காரனிடம் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் குடியிருப்பவர்களே என்பது அதன் காரணம்.

ஆகவே முதன்முதல் யூபிலி ஆண்டு திருப்பிக் கொடுக்கும் ஆண்டாக இருந்தது. பாவப் பரிகாரமும், திருப்பிக் கொடுத்தலும், மகிழ்ச்சியும் ஒரே கொம்பின் ஓசையில் அடங்கியிருந்தன. 1300-ஆம் ஆண்டில் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் கிறிஸ்தவ யூபிலி ஆண்டை முதன்முறையாக அறிவித்தார். அண்மையில் 2025-ஆம் ஆண்டையும் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. கடனை ஒருபோதும் தீர்க்க முடியாத ஏழை நாடுகளின் கடனைப் பணக்கார நாடுகள் மன்னிக்க வேண்டும் என்று அப்போது திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார். பழைய கொம்பின் ஓசை இன்னும் ஓயவில்லை.

நம் காலத்தின் நோய் என்ன? பாவ உணர்வு மங்கிப்போவதே. பன்னிரண்டாம் பத்திநாதர் 1946-இல் ஒரு வானொலிச் செய்தியில், பாவ உணர்வை இழந்துவிட்டதே இந்த நூற்றாண்டின் பாவம் என்ற பொருள்படப் பேசினார். பாவம் குறைந்துவிடவில்லை, அதன் பெயரைத்தான் மாற்றியிருக்கிறோம். லஞ்சத்துக்கு 'கவனிப்பு' என்று பெயர். கலப்படத்துக்கு 'வியாபார நுணுக்கம்' என்று பெயர். பொய்க் கணக்குக்கு 'அட்ஜஸ்ட்மெண்ட்' என்று பெயர். பாம்புக்குக் கயிறு என்று பெயர் வைத்தால் விஷம் இறங்கிவிடுமா?

ஒழுக்கம் என்றதும் நமக்கு ஆறாம் கற்பனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இளைஞரின் உடை, சினிமா, கைப்பேசி பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. கற்பு காக்கப்பட வேண்டிய புண்ணியம். ஆனால் அடுத்து நிற்கும் ஏழாம் கற்பனையை, 'நாம் என்ன திருடர்களா?' என்று ஒரே மூச்சில் கடந்துவிடுகிறோம். இன்று அந்த இடத்தில் சற்று நிற்போம்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களை வெளிப்படுத்துதல், அபராதம் தீர்த்தல் ஆகிய ஐந்தும் வேண்டும் என்று சிறு வயதிலேயே படித்தோம். குரு கொடுக்கும் அபராதமாக மூன்று பரலோக மந்திரம் சொல்லி எழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறோம். பிறர் பொருள் நம் கையில் இருக்கும்போது அது முடிவதில்லை. திருப்பிக் கொடுக்கக் கூடியவன் கொடாமல் வைத்துக்கொண்டிருந்தால் அவன் மனஸ்தாபம் வெறும் நடிப்பு என்று புனித அகுஸ்தீனார், மாசேதோனியுஸ் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். புனித தோமாஸ் அக்குயினாஸ், பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது மீட்புக்கு அவசியம் என்று கற்பித்தார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே போதிக்கிறது. வியாபார மோசடி, அநியாயக் கூலி, ஊழல், வேலையைச் சரியாகச் செய்யாமை, வரி ஏய்ப்பு, பொய் ரசீது ஆகிய யாவும் ஏழாம் கற்பனைக்கு விரோதம் என்று அது பட்டியலிடுகிறது.

இதற்கு நாம் சொல்லும் சாக்குப்போக்குகள் பல. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'கொஞ்சம்தானே எடுத்தேன்' என்பது முதல் சாக்கு. பாலில் ஒரு குவளைத் தண்ணீர், தராசில் சிறிது குறைவு, கட்டட வேலையில் ஒரு மூட்டை சிமெண்ட் குறைவு. சிறு சிறு திருட்டுகள் சேர்ந்து எவ்வளவு பெரிய தொகையானாலும், அதைத் திருப்பிக் கொடுக்கச் சாவான பாவத்தின் கீழ்க் கடமையில்லை என்று சிலர் சொல்லி வந்தார்கள். பாப்பரசர் பதினோராம் இன்னசென்ட் 1679-இல் அந்தக் கருத்தைக் கண்டனம் செய்தார். மேலும், திருட்டின் கனத்தை அளக்கும்போது இழந்தவனுடைய நிலைமையையும் பார்க்க வேண்டும் என்பது ஒழுக்க இறையியல் ஆசிரியர்களின் போதனை. பணக்காரனுக்குச் சில்லறையாய்த் தெரியும் தொகை, கூலிக்காரனுக்கு ஒரு நாள் சோறு. அந்தச் சோற்றைப் பறிப்பது கனமான பாவம்.

'நான் எடுக்கவில்லை, சொன்னதோடு சரி' என்பது இரண்டாவது சாக்கு. ஏவியவன், யோசனை சொன்னவன், பங்கு பெற்றவன், தடுக்க வேண்டிய பொறுப்பிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தவன் ஆகியோரும் அவரவர் பங்குக்குக் கடன்பட்டவர்களே. 'எல்லாரும் செய்கிறார்களே' என்பவர்களுக்கு இரண்டாம் அருள் சின்னப்பர் 1984-இல் எழுதிய மடலில் பதில் இருக்கிறது. சமூகப் பாவம் என்று நாம் சொல்வது, தனித்தனி மனிதருடைய பாவங்களின் திரட்சியே. சமூகம் வந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிடுவதில்லை. நாம்தான் முழங்காலிட வேண்டும்.

'கூலியைப் பிறகு கொடுத்தால் போயிற்று' என்பது மூன்றாவது. வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கு என்று ஞானோபதேசத்தில் படித்தோம். மனமறிந்து செய்யும் கொலை அவற்றில் ஒன்று. வேலை செய்தவனுக்குக் கூலி கொடாதிருப்பது மற்றொன்று. ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாகப்பர் தம் நிருபத்தில் எழுதினார். 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றிய தம் சுற்றுமடலில் அதே எச்சரிக்கையை விடுத்தார். 2025-இல் தெரிந்துகொள்ளப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, முக்கியமாக அவரை மனத்தில் கொண்டே அந்தப் பெயரை ஏற்றதாகச் சொன்னார். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும், சுவர் எழுப்பிய கொத்தனாருக்கும், சித்தாளுக்கும் பாக்கி ஏதும் இருக்கிறதா?

இனி, வீட்டுக்குள்ளேயே பார்ப்போம். கூடப் பிறந்த சகோதரியின் பங்கு எங்கே? 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் இந்தச் சட்டமே பொருந்தும் என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனம் விரும்பிச் சகோதரி விட்டுக்கொடுத்தால் குற்றமில்லை. 'கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே' என்று மிரட்டி வாங்கிய விடுதலைப் பத்திரம், பதிவு அலுவலகத்தில் செல்லலாம். ஆண்டவர் சந்நிதியில் செல்லுமா?

வரதட்சணையும் இப்படியே. அதைத் தடை செய்யும் சட்டம் 1961-இல் வந்தது. பிறர் வாங்கிய வரதட்சணையைக் குறித்த காலத்துக்குள் அந்தப் பெண்ணிடமே ஒப்படைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அரசாங்கச் சட்டமே திருப்பிக் கொடு என்கிறது. பீடத்தின்முன் மெய்விவாகம் செய்த நாம் அதற்கும் குறைந்து போகலாமா?

பொருளைப் போலவே பெயரையும் திருடலாம். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சொல்லை, உண்மையா என்று பாராமல் பத்துப் பேருக்கு அனுப்பி, ஒரு பெண்ணின் மானத்தையோ ஓர் ஆசிரியரின் நற்பெயரையோ கெடுத்துவிடுகிறோம். இதுவும் எட்டாம் கற்பனைக்கு விரோதமான கடன். யார் யாருக்கு அனுப்பினோமோ அவர்களிடமே 'அது பொய்' என்று சொல்லியாக வேண்டும்.

'காணிக்கை போட்டுவிட்டேனே' என்பது கடைசிச் சாக்கு. இதைப் பொன்விழா ஆண்டில் வெளிப்படையாகப் பேசுவது நல்லது. நிதி திரட்டும் காலம் இது. சலவைக் கல்லில் பெயர் பொறிக்கப்படும். கொடுப்பது புண்ணியம். ஆனால் பணத்துக்குச் சொந்தக்காரன் அடுத்த தெருவில் உயிரோடிருக்க, அதை உண்டியலில் போட்டால் கடன் தீராது. பீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகும்படி சேசுநாதர் போதித்தார். கோபுரத்துக்கு ஒரு கோட் வர்ணம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒரு விதவையின் பணம் அந்த வர்ணத்தில் கலந்திருக்க வேண்டாம்.

எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஊரறிய நம்மை அவமானப்படுத்திக்கொள்ளும்படி திருச்சபை கேட்பதில்லை. பெயர் சொல்லாமலும் சேர்ப்பிக்கலாம். வழி தெரியாவிட்டால் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் யோசனை கேட்கலாம். அவர் அந்த இரகசியத்தை உயிர் போனாலும் வெளியிட மாட்டார். சொந்தக்காரர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். தக்க முயற்சி செய்தும் யாரென்று தெரியாவிட்டால், அத்தொகை ஏழைகளுக்கோ தர்ம காரியங்களுக்கோ போக வேண்டும். முழுவதும் கொடுக்க இயலாதவர் தவணை தவணையாகக் கொடுக்கட்டும். ஒன்றுமே இயலாதவரிடம், இயலும்போது கொடுப்பேன் என்ற உண்மையான தீர்மானத்தை ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார். கைப்பேசி வழியாகத் தவறுதலாக நம் கணக்கில் விழுந்த பணத்தை மட்டும் 'கடவுள் தந்தது' என்று சொல்லி வைத்துக்கொள்ள வேண்டாம். கடவுள் பிறர் பணத்தைப் பரிசளிப்பதில்லை.

இதெல்லாம் பாரமான போதனை என்று மனம் சோர வேண்டாம். எரிக்கோ நகரத்துச் சக்கேயுவை நினைத்துக்கொள்வோம். அவன் ஆயக்காரர் தலைவன், பணக்காரன், காட்டு அத்தி மரத்தில் ஏறி ஒளிந்து பார்த்தவன். ஆண்டவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போனார். முதலில் வந்தது இரக்கம். அந்த இரக்கத்தை ருசித்தவன் எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் வாக்களித்தான். அதன்பின்தான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார். கணக்குத் தீர்த்த சக்கேயு அழுதுகொண்டு தீர்க்கவில்லை, மகிழ்ச்சியோடு தீர்த்தான்.

பெருவிழாவுக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் குடும்ப செபம் முடிந்தபின், 'நம் வீட்டில் இருப்பவற்றுள் பிறருக்குச் சேர வேண்டியது எது?' என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்கட்டும். பத்திரம், பாக்கி, வரப்பு, நகை, நற்பெயர், எதுவானாலும் சரி. ஆயர் அவர்கள் நன்றித் திருப்பலி நிறைவேற்ற வரும் நாளில், நம் பங்கில் ஒரு சகோதரி தன் பிறந்த வீட்டு வாசலை மீண்டும் மிதித்திருந்தால், ஒரு கூலிக்காரரின் பாக்கி தீர்ந்திருந்தால், அதுவே நம் பொன்விழாவின் பெரிய சிறப்பு.

நம் கோவிலின் பாதுகாவலர் நமக்காக வேண்டிக்கொள்வாராக. சக்கேயுவின் வீட்டுக்குள் நுழைந்த ஆண்டவர் நம் வீடுகளுக்குள்ளும் எழுந்தருள்வாராக. ஆமென்.