கணக்கு எழுத துபாய் போகும் பிள்ளைகளுக்கு



1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாத கொத்தனார் வளைகுடா போக அரசு அனுமதி வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தை அதிகாரி பார்ப்பார். கணக்கு எழுதப் போகும் நம் தாராவிப் பிள்ளை தேறியவன், அவனுக்கு அது வேண்டாம். படித்தவன் தன்னைக் காத்துக்கொள்வானாம்! சர்க்காரின் நினைப்பு இது.

ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும். கணக்கர் என்று சொல்லிவிட்டு விசாவில் துப்புரவாளர் என்று போட்டிருக்கிறதா? ஏஜெண்டுக்கு அரசுப் பதிவு உண்டா? அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் ரூ. 30,000, அதன்மேல் ஜி.எஸ்.டி. லட்சம் கேட்டால் கொள்ளை. தாலியை அடகு வைக்காதீர்கள்.

டாலி மட்டும் போதாது. துபாயில் 2018இல் 5 சதவீத வாட் வரி வந்தது, 2023இல் கம்பெனி வரியும் வந்தது. இங்கேயே கற்றுக்கொண்டு போகட்டும்.

கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து படிப்போம்.