சமூக ஊடகமும் மாற்றுத்திறனாளர் உரிமையும்



2020 ஜூனில், அந்நாளில் டுவிட்டர் எனப்பட்ட நிறுவனம் குரற்பதிவு வசதியை அறிமுகஞ் செய்தது. எழுத்து வடிவம் உடன் வரவில்லை. செவிப்புலனற்றோர் அதனைப் பயன்படுத்துவதெங்ஙனம்? மாற்றுத்திறனாளரும் அவர்க்காக வாதாடுவோரும் அந்த மேடையிலேயே நின்று கேட்டனர். இதனைக் கவனிக்கத் தனிக்குழுவே அங்கில்லை என்ற சங்கதியும் அப்பொழுதே வெளிவந்தது. செப்டெம்பரில் இரு குழுக்களை அறிவித்தனர். எழுத்து வந்து சேர்ந்ததோ 2021 ஜூலையில். ஓராண்டு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்!

நாமோ நமது விழா அழைப்பை வெறும் படமாக முகநூலில் இட்டோம். படத்திலுள்ள தமிழை விழிப்புலனற்ற அன்பரின் கைபேசி சரிவர வாசித்துக் காட்டுமென்பதில்லை. நாள், நேரம், இடம் மூன்றையும் படவிளக்கமாக எழுத இரண்டு நிமிடம் போதும். வாழை கட்ட அரைநாள் செலவிட்டோம், இதற்கு நேரமில்லை. அடுத்த அழைப்பை விளக்கத்துடன் வெளியிடும்படி செயலாளரை வேண்டுகிறோம்.