முதலில் நிறுத்தக் கற்றுக் கொடுங்கள்



புரட்டாசி, ஐப்பசி மழை விழுந்து கரிசல் பதமாகிவிட்டால் டிராக்டருக்கு ராப்பகலாய் வேலை. டிரைவர் கிடைக்காத நேரத்தில், "நம்ம பயலே ஓட்டிருவான் அண்ணாச்சி" என்று வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டார மக்களுக்கு ஆபத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து அறையில் கூட்டம் கூடாது, இரும்புச் சாமான் ஆகாது என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். 18 வயது நிரம்பாதவரைப் பட்டாசு வேலைக்கு வைக்கச் சட்டமும் இடம் தரவில்லை. அந்தக் கண்டிப்பு டிராக்டருக்கும் வேண்டும். டிராக்டர் லைசென்சுக்கும் வயது 18 தான். வயது வராத பிள்ளை ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சரி, வயது வந்த பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

முதல் பாடம் ஓட்டுவதல்ல, நிறுத்துவது. எஞ்சின் ஓடாதபோதே கிளட்ச், பிரேக், எஞ்சினை அணைக்கும் விதம் மூன்றும் கைக்கும் காலுக்கும் பழக வேண்டும். பிறகு சமதளமான தரிசில், கலப்பை பூட்டாமல், முதல் கியரில் ஓட்டட்டும். நீங்கள் மட்கார்டில் ஏறாதீர்கள். பிள்ளையின் கண்ணில் படும்படி எட்ட நின்று கை காட்டினால் போதும். டிராக்டரில் சீட்டு ஒன்று, ஆளும் ஒருவர்தான். கலப்பை அடுத்து; ட்ரெய்லரும் ரோடும் கடைசியில்.

கரிசல் சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டால் கிளட்சைப் படக்கென்று விடக் கூடாது. பின்சக்கரம் நகராதபோது முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். முதலில் பின்னால் எடுக்கப் பார்க்க வேண்டும். எதையாவது கட்டி இழுப்பதானால், சங்கிலியைத் தாழ்வாக உள்ள டிராபாரில்தான் பூட்ட வேண்டும். மேலே பூட்டினாலும் இதே கதிதான்.

பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றும். துண்டோ முந்தானையோ சிக்கினால், 'ஐயோ' என்பதற்குள் ஆளையே இழுத்துவிடும். தண்டின் மூடியைக் கழற்றிப் போடாதீர்கள். மக்காச்சோளம் அடிக்கும்போதும், ரோட்டவேட்டரில் சிக்கிய கொடியை எடுக்கும்போதும், எஞ்சினை அணைத்து, தண்டு நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். கதிரடிக்கும் மெஷினில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான் 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது.

மழையில் ஊறிய கண்மாய்க் கரையும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்று ஓரமும் பாரம் தாங்காது. ஓடை எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடியாவது தள்ளி ஓட்டச் சொல்லுங்கள். ரோட்டில் ஏறுமுன் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி புரண்டுவிடும்.

முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு, ஆந்திராவில் அனந்தபுரம் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. விவரத்தை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

பெரியோர்களே, வேகமாக உழுத பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிறோம். "இந்தக் கரையில் ஓட்ட மாட்டேன்ப்பா" என்று இறங்கி நிற்கிற பிள்ளையையும் தட்டிக் கொடுங்கள்.