வராத பிள்ளையைத் தேடிப் போவோம்

(பொன்விழாவையொட்டி புக்கிட் மெர்தாஜாமில் நடைபெற்ற கல்வி அரங்கில் இளைஞர் பகுதியின் சார்பில் ஆற்றிய உரை)



 

‘பல்கலைக்கழக மாணவர் நலச் சேவைகள் எல்லாருக்கும் எட்டுகின்றனவா?’ என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பேராசிரியர் ஒருவர் பேச வேண்டிய தலைப்பு இது. எங்களிடம் இருப்பதோ ஒரு போலிடெக்னிக் டிப்ளோமாவும் ஒரு வீட்டுச் சாமான் கடையும்தான். ஆனால் புதிய மாணவர்கள் பதிவுக்குப் போகும் வாரத்தில் அந்தக் குடும்பங்கள் எங்கள் கடைக்கு வருகின்றன. வாளி, தலையணை, போர்வை, ஹேங்கர், பூட்டு என்று தாயார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வாங்குவார். தகப்பனார் விலையைக் குறைக்கச் சொல்வார். “எந்த யுனிவர்சிட்டி?” என்று கேட்டால் பெருமையோடு பெயரைச் சொல்வார்கள். “அங்கே கையில் காசு இல்லாமல் போனால், மனசு சரியில்லாமல் போனால், பிள்ளை யாரிடம் போக வேண்டும்?” என்று கேட்டால் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எங்கள் பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

சங்கம் தொடங்கிய காலத்தில் நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இன்று அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மட்டும் 20. 1969இல் தொடங்கிய யூ.எஸ்.எம். பாலம் தாண்டினால் மிண்டனில் இருக்கிறது. அதன் பொறியியல் வளாகம் 2001இல் நிபோங் திபாலுக்கே வந்துவிட்டது. பெர்மாத்தாங் பாவில் போலிடெக்னிக் இருக்கிறது. 1997இல் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வந்த பிறகு, பணம் இல்லாததால் படிக்கவில்லை என்று சொல்லும் குடும்பங்களும் குறைந்தன. அல்ஹம்துலில்லாஹ். இடம் கிடைப்பதற்காக நம் பெரியவர்கள் நிறையப் பாடுபட்டார்கள். இடம் கிடைத்த பிள்ளை பாதியில் திரும்பாமல் படித்து முடிக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தலைமுறையின் வேலை.

நாங்கள் டிப்ளோமா படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் ஒரு நண்பர் இருந்தார். மதிய உணவுக்கு அழைத்தால், “இன்றைக்கு நோன்பு” என்பார். திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு வைக்கும் பக்திமான் என்று நாங்கள் அவரைப் பாராட்டிக்கொண்டு இருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமையும் அப்படியே சொன்னார். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை. அவருக்குக் கடன் பணம் இன்னும் வந்து சேரவில்லை, வீட்டில் கேட்கவும் மனமில்லை என்பது செமஸ்டர் முடியும்போதுதான் தெரிந்தது. அவசர உதவி கேட்கும் மேசை நாங்கள் தினமும் கடந்துபோன கட்டடத்திலேயே இருந்தது. அவரும் போகவில்லை, போகச் சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை.

ஏன் போகவில்லை? நம் வீடுகளிலேயே அதற்கு விடை இருக்கிறது. அதே காலத்தில் எங்கள் வாப்பாவிடம் ஜக்காத் உதவிக்கு மனுப் போடலாமா என்று கேட்டோம். அப்போது கடையில் வியாபாரம் படுத்திருந்தது. “நாம ஜக்காத் கொடுக்கிற குடும்பம், வாங்குற குடும்பம் இல்லை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நம்மில் எத்தனை வீடுகளில் இந்தச் சொல் ஒலித்திருக்கும்! நல்ல ரோஷம்தான். ஆனால் ஜக்காத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரை மார்க்கம் வகுத்திருக்கிறது. நம் நாட்டில் மாணவர்களுக்கான உதவி பெரும்பாலும் அதில் ஃபீ ஸபீலில்லாஹ் என்ற பிரிவில் வருகிறது. கல்வி தேடிப் போகிறவருக்கு அது உரிமை. ஒரு வருடம் கொடுத்த கை இன்னொரு வருடம் வாங்க நேர்ந்தால் அதில் இழிவு ஒன்றுமில்லை.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு சிக்கலும் உண்டு. பாரத்தில் இனம் என்ற இடத்தில் இந்தியர், மதம் என்ற இடத்தில் இஸ்லாம் என்று நிரப்புகிறார்கள். வளாகத்துக்குள் போனதும் இந்திய மாணவர் அமைப்பைப் பார்த்தால், ‘நாம் அங்கே சேர்ந்தவர்களா?’ என்று ஒரு தயக்கம். ஜக்காத் மேசையைப் பார்த்தால், ‘அது மலாய்க்காரர்களுக்கு’ என்று ஒரு நினைப்பு. ஜக்காத்துக்கு இனம் கிடையாது. தகுதியுள்ள எந்த முஸ்லிமும் கேட்கலாம். இந்தியச் சமுதாயத்துக்கென்று இருக்கும் உதவிகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வாசலுக்கும் போகலாம் என்று பிள்ளைக்கு யாராவது முன்கூட்டியே சொல்லாவிட்டால், அது இரண்டுக்கும் நடுவே நின்றுவிடுகிறது.

அடுத்ததாக, நாம் வெளியே பேசத் தயங்குகிற விஷயம். கண் பார்வை குறைந்த பிள்ளை, காது கேளாத பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளை நம் குடும்பங்களிலும் உண்டு. 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் அவர்களுக்குக் கல்வியில் இடம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பதிவு செய்த மாற்றுத் திறனாளி மாணவருக்கு உயர்கல்வி அமைச்சு மாதம் 300 ரிங்கிட் உதவித்தொகை கொடுக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், தரைத்தளத்தில் அறை போன்றவற்றையும் கேட்கலாம். ஆனால் இதற்கெல்லாம் சமூக நலத் துறையின் ஓ.கே.யு. அட்டை வேண்டும். “அட்டை எடுத்தால் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது தெரிந்துவிடும்” என்று நாம் எடுக்காமல் இருந்துவிடுகிறோம். நாளைய கல்யாணத்தை நினைத்து இன்றைய படிப்பை இழக்கிறோம்.

இந்த இடத்தில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, கண் பார்வையற்ற அந்த ஸஹாபி மார்க்கத்தைக் கற்க வந்தார். பெருமானாரின் முகம் ஒரு கணம் திரும்பியதற்காகவே ‘அபஸ’ என்ற அத்தியாயம் இறங்கியது. தேடி வந்த எளியவரா, செல்வாக்குள்ள தலைவர்களா, முதல் கவனம் யாருக்கு என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பிறகு அவரே பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்பவராக இருந்தார். பெருமானார் வெளியூர் சென்றபோது மதீனாவில் பொறுப்பாளராகவும் நியமிக்கப்பட்டார். பரிதாபப்பட்டு ஒரு மூலையில் உட்காரவைப்பதோடு நபிவழி நிற்கவில்லை, பொறுப்பையும் கையில் கொடுத்தது.

நீதி என்றால் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். டாக்டரின் பிள்ளையும், பள்ளிக்கூடத்தையே தாண்டாத பெற்றோரின் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருக்கு வீட்டில் வழி சொல்ல ஆள் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் இதைப் புரிந்துகொண்டு 2010இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகும் மாணவர் அதற்கான சான்றிதழைக் காட்டினால், அரசுக் கலந்தாய்வு மூலம் சேரும் தொழிற்கல்விப் படிப்புக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். வீட்டில் முன்னே போனவர் யாரும் இல்லை என்பதே ஒரு குறை என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. நம் பல்கலைக்கழகங்களும் பதிவு நாளிலேயே “வீட்டில் நீங்கள்தான் முதலா?” என்று கேட்டு, ஆம் என்பவரை முதல் மாதத்திலேயே ஒருமுறை அழைத்துப் பேசினால் எவ்வளவோ நன்மை உண்டு.

உதவியை எப்படிக் கொடுப்பது என்பதற்கு நம்மவர் தொழிலிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 2023 ஜனவரி இறுதியில் மெனு ரஹ்மா திட்டம் தொடங்கியபோது, நம் உணவகக்காரர்களின் சங்கமான பிரெஸ்மாவும் அதில் சேர்ந்தது. 5 ரிங்கிட்டுக்குள் வயிறு நிறையச் சாப்பாடு. கடைக்கு வருகிறவரிடம் சம்பளச் சீட்டு கேட்பதில்லை, ஏழை என்று நிரூபிக்கச் சொல்வதுமில்லை. இல்லாதவரும் இருப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள். எங்கள் நண்பர் படித்த நாட்களில் இப்படி ஒன்று இருந்திருந்தால், அவர் நோன்பு என்று சொல்லி ஒளிய வேண்டியிருந்திருக்காது.

பெரியோர்கள் மன்னிக்க வேண்டும், நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறோம். நாமும் உதவி பெறும் மாணவர்களை மேடைக்கு அழைத்து, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்து, படம் எடுத்திருக்கிறோம். கொடுத்தவர்களின் எண்ணம் தூய்மையானது. ஆனால் அந்தப் படத்துக்குப் பயந்து மனுவே போடாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் கணக்குப் புத்தகத்தில் இல்லை. கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும்: வந்த வாடிக்கையாளரை எண்ணினால் மட்டும் போதாது, வராமல் போனவர் ஏன் வரவில்லை என்றும் விசாரிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குச் சொல்வதற்கு முன் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது இது.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் மூன்று காரியங்களை இளைஞர் பகுதி உங்கள் முன் வைக்கிறது. முதலாவது, பரிசும் பாராட்டும் மேடையில் நடக்கட்டும். பண உதவி மட்டும் மேடையில்லாமல், படமில்லாமல், நேராக வங்கிக் கணக்கில் போகட்டும். மறைவான தர்மத்தின் சிறப்பை நம் ஆலிம்கள் சொல்லக் கேட்காதவர் இங்கே யாருமில்லை. இரண்டாவது, பதிவுக்கு முந்தைய மாதத்தில் ஒரு மாலை எல்லாரும் கூடி, பி.டி.பி.டி.என். கடன், அதன் முன்பணம், ஜக்காத், ஓ.கே.யு. பதிவு ஆகிய பாரங்களைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம். சங்கத்துப் பிள்ளைகள் மட்டும் என்று கதவைச் சாத்த வேண்டாம். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை யார் வந்தாலும் நாற்காலி போடுவோம். மூன்றாவது, ஒவ்வொரு வளாகத்திலும் ஏற்கெனவே படிக்கும் அண்ணன் ஒருவர், அக்கா ஒருவர் புதிதாகப் போகும் பிள்ளையை முதல் வாரத்திலேயே மாணவர் விவகாரப் பிரிவுக்கும் ஆலோசகர் அறைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டட்டும். இடம் தெரிந்த பிள்ளைக்கு, கஷ்டம் வரும்போது கால் தானாக அங்கே போகும்.

இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் நம் முன்னோர் காலத்து வணிகர்கள் கல்லூரியே கட்டினார்கள். திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி 1951இல் வந்தது. கீழக்கரையில் பெண்களுக்கென்றே தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரி 1988இல் வந்தது. அவ்வளவு பெரிய காரியத்துக்கு எங்களிடம் வசதியில்லை. எங்களால் முடிந்ததை நாங்கள் தொடங்கிவிட்டோம். யாரிடம் போக வேண்டும், எந்தப் பாரம், எந்த மாதம் என்று தமிழிலும் மலாயிலும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறோம். வருகிற பதிவு வாரத்தில் எங்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு வாளிக்குள்ளும் அந்தத் தாள் இருக்கும், இன்ஷா அல்லாஹ். கடை வைத்திருக்கும் மற்றச் சகோதரர்களும் கேட்டால் கட்டுக்கட்டாகத் தருகிறோம்.

படிக்கப் போகும் பிள்ளைகள் அனைவரும் படித்து முடித்து நல்லபடியாக வீடு திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.