பழைய பெட்டியும் பழைய ஏடும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்திலே பழைய கணனிகளைப் பற்றி ஒருவன் பேச வந்திருக்கிறான் என்றால், நேயர்கள் சிலர் வானொலிப் பெட்டியின் திருகியைத் தேடக்கூடும். சற்றுப் பொறுத்திருங்கள். கணனி என்பதா, கணினி என்பதா என்ற பழைய வழக்கையும் நான் இன்று எடுக்கப்போவதில்லை. பழகிய நாக்கு கணனி என்கிறது. அப்படியே விட்டுவிடுகிறேன்.

சென்ற ஆண்டு எனது மகள் எனக்குப் புதிய மடிக்கணனி ஒன்று வாங்கித் தந்தாள். அதற்கு முன்னிருந்தது 2003ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணனி. பானைபோல் பின்புறம் பருத்த மொனிற்றர், பக்கத்திலே தகரப் பெட்டி. புதியது வந்த மறுநாளே பேரன் கேட்டான்: "அம்மப்பா, உந்தப் பெட்டியை இரும்புக்காரரிட்டைக் குடுத்தா என்ன? மேசையும் வெளிக்கும்." நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

யாழ்ப்பாணத்தவர்களாகிய எமக்குப் பழையதை எறிவது இலகுவான காரியமல்ல. 1990க்குப் பின் மின்சாரமும் இல்லை, மின்கலங்களும் தடை என்றிருந்த ஆண்டுகளை வாழ்ந்து கடந்தவர்கள் நாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையாலே சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்திலே செய்தி கேட்டோம். பத்திரிகைகள் கிடைத்த தாளிலே, அப்பியாசக் கொப்பித் தாளிலே கூட அச்சாகின. கழற்றிய ஆணியையும் நிமிர்த்தி வைத்த காலம் அது. அப்படி வளர்ந்த கைக்கு, வேலை செய்கிற ஒரு பெட்டியைக் கொண்டுபோய்த் தராசிலே வைப்பதற்கு மனம் வராது. இளையவர்கள் இதைக் கஞ்சத்தனம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இருந்தாலும் என்னைத் தடுத்தது அந்தப் பழக்கம் மட்டுமல்ல. ஒரு பிஸ்கற் தகரமும் இருந்தது.

வடமராட்சியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் நாடகங்கள் எழுதியவர். சில மேடையேறின, பல ஏறவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அப்போது கோண்டாவிலிலே குடியிருந்த அவருடைய கையெழுத்துப் பிரதிகள் வீட்டோடு நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது வீடு இருந்தது, பிரதிகள் இல்லை. நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். 2002இலே போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபின், தட்டச்சு நிலையம் ஒன்றிலே காசு கொடுத்து அவற்றைக் கணனியில் ஏற்றுவித்தார். அப்படி ஏற்றியவை பதினான்கு பிளொப்பித் தட்டுகளாக அவர் கைக்கு வந்தன. மீண்டும் எழுதிய கொப்பிகளைப் பின்னர் கறையான் தின்றது. 2011இல் அவரும் காலமானார். அந்த ஆண்டுத் திவசத்தின்போது அவருடைய மனைவி பிஸ்கற் தகரத்தை என்னிடம் நீட்டினார். "அண்ணை, எனக்கு உது என்னெண்டு விளங்காது. எறியவும் மனம் வரேல்லை."

புதிய மடிக்கணனியிலே பிளொப்பித் தட்டைச் செருகுவதற்கு வாயே கிடையாது. பெரும் உற்பத்தியாளரான சோனி நிறுவனமே அவற்றை விற்பதை 2011இல் நிறுத்திவிட்டது. பேரன் இரும்புக்குக் கொடுக்கச் சொன்ன அந்தத் தகரப் பெட்டியிலேதான் அந்த வாய் இருந்தது.

இந்த இடத்திலே எமது முன்னோரின் ஏடுகளை நினையாமல் இருக்க முடியவில்லை. பனையோலைக்கும் ஆயுள் உண்டு. ஓலை பழுதாகுமுன் புதிய ஓலையிலே பிரதி செய்வார்கள். பிறகு பழையதை ஆற்றிலே விடுவார்கள். ஆடிப்பெருக்கிலே ஏடுகளை வெள்ளத்தில் விட்ட வழக்கத்தைப் பற்றி நாம் கோபத்தோடு பேசுவதுண்டு. பழையதை விட்டதை நான் குற்றமாகக் காணவில்லை. முதலாவது காரியத்தைச் செய்வார் இல்லாமற்போய், இரண்டாவது மட்டும் சடங்காக எஞ்சியதுதான் கேடு. சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1880களிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, கையில் எடுக்கும்போதே ஏடுகள் உதிர்ந்த நிலையை எழுதி வருந்தியிருக்கிறார். அவருக்குக் கிடைத்தவை உதிரும் ஏடுகள். ஆயினும் கண்ணாலே பார்த்தால் எழுத்துத் தெரியும். எனது பிஸ்கற் தகரத்திலே கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. கறுத்தப் பிளாஸ்ரிக் சதுரங்கள், நீலப் பேனாவால் எழுதிய இலக்கங்கள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாண நகரிலே கணனி திருத்தும் இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் திறந்து, சில உறுப்புகள் தலை வீங்கியிருப்பதைக் காட்டி, "ஐயா, இது கனநாள் நிக்காது, கெதியா அலுவலை முடியுங்கோ" என்றார். உள்ளேயிருக்கும் பொத்தான் மின்கலம் செத்துப்போனதால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணனி தேதியை மறந்து பழைய ஆண்டொன்றையே காட்டியது. அந்த ஆண்டிலே நண்பர் உயிரோடிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

பதினான்கிலே ஒன்பது திறந்தன. ஐந்து தட்டுகளிலே வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவற்றை வற்புறுத்தினால் வாசிக்கும் தலையும் கெட்டுவிடும் என்று அவர் நிறுத்திவிட்டார்.

திறந்தவற்றை மடிக்கணனிக்கு மாற்றிப் பார்த்தால் தமிழே இல்லை! ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கிடந்தன. பாமினி எழுத்துருவைக் கையாண்டவர்களுக்கு இது புதினமல்ல. அக்காலத்திலே கணனியை ஏமாற்றித்தான் தமிழ் எழுதினோம். ஆங்கில எழுத்துக்குரிய அறையிலே தமிழ் எழுத்தின் படத்தை வைத்தோம். "அம்மா" என்று திரையிலே தெரியும். கணனி தன்னுள்ளே பதிந்து வைத்திருப்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, பிறகு எச். எழுத்துருவைக் கழற்றினால் அம்மாவும் போய்விடுவாள். யுனிகோடிலே 1991ஆம் ஆண்டு முதலே தமிழுக்கென்று தனி இடம் இருக்கிறது. ஆனால் எமது அச்சகங்களும் பத்திரிகைகளும் நெடுங்காலம் பாமினியிலேயே நின்றன.

ஏன் கே என்ற விசையிலே 'ம' இருக்கிறது தெரியுமா? அது தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கு. அந்தப் பொறியின் தந்தை எனப்படுபவர் 1886இலே சுண்டிக்குளியிலே பிறந்து, 1907இலே சிங்கப்பூருக்குச் சென்ற ஆர். முத்தையா அவர்கள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களையும் சில டசின் விசைகளுக்குள் அடக்கி, புள்ளி போன்ற குறிகளுக்கு உருளை நகராத விசைகளை அமைத்து, ஜேர்மனியிலே அந்தப் பொறியைச் செய்வித்தார். தட்டச்சுப் பொறிகள் எல்லாம் பழைய சாமான்காரரிடம் போய்விட்டன. அந்த விசை ஒழுங்கோ பாமினியிலும் இருந்தது. இன்று இலங்கையில் யுனிகோடில் எழுதுகின்ற பலருடைய விரல்களிலும் இருக்கிறது.

பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் உண்டு. அவை தொண்ணூற்றைந்து பங்கு வேலையைச் செய்யும். மிகுதியிலேதான் வில்லங்கம். 'அவர்' என்ற சொல்லிலே ரகர மெய்க்குப் பதிலாகக் காலைப் போட்டு அதன்மேல் புள்ளி குத்துவது தட்டச்சாளர் பலரின் வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணனிக்கோ அது வேறு எழுத்து. அப்படியே விட்டுவிட்டால், நாளைக்கு ஒரு மாணவன் அந்தச் சொல்லைத் தேடும்போது அகப்படாது. மாலை நேரங்களிலே நானும் பேரனும் இருந்து அந்தக் கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். நான் வாசிக்க அவன் திருத்துவான். "இந்த ஆள் நல்லா எழுதியிருக்கிறார், அம்மப்பா" என்று ஒருநாள் சொன்னான். நண்பருக்குக் கிடைத்த கடைசி விமர்சனம் அது. பொய்யில்லாத விமர்சனம்.

அடுத்த கேள்வி பெட்டி. எமது குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியிலே மட்டும் ஓடும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே எங்கள் கிணறு, எங்கள் தோட்டம். நிலாவரையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மேலே எறிவது கீழே இறங்கும் நிலம் இது. சுன்னாகத்திலே மின்நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய் கசிந்து கிணறுகளிலே கலந்த விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்று, 2019இலே நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பானது. அதை அறிந்த பின்னும், ஈயம் கலந்த கண்ணாடி மொனிற்றரை வளவுக் கோடியிலே கிடங்கு வெட்டிப் புதைக்கலாம் என்று நினைப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். வயரை எரித்துச் செம்பு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகை எந்தச் சுருட்டுப் புகையிலும் பொல்லாதது.

தானம் கொடுக்கலாமே என்றார் ஓர் உறவினர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். ஆனால் பல்லே இல்லாத மாட்டைத் தானம் கொடுப்பவனை என்ன செய்வது? வெளிநாட்டிலிருந்து அன்போடு அனுப்பப்பட்ட கணனிகள் பாடசாலை அறைகளிலே துணி போர்த்தபடி தூங்குவதை நான் கண்டிருக்கிறேன். பெற்றுக்கொண்டவர்களுக்கு எறியவும் தயக்கம், ஏனெனில் அவை கணக்கிலே ஏறிய சொத்து. இப்போது இன்னொரு அலை வருகிறது. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. நல்ல நிலையிலே ஓடிக்கொண்டிருக்கும் கணனிகள் பல, வின்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றவை எனப் பழையன ஆகிவிட்டன. அவற்றிலே லினக்ஸை ஏற்றினால் எழுத்து வேலைக்கும் பள்ளிப் படிப்புக்கும் இன்னும் சில ஆண்டுகள் போதும். அப்படிப்பட்டதைக் கொடுங்கள். உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் மட்டும் சேர்ந்த மின்னியற் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன், அதிலே முறைப்படி சேகரித்து மீட்கப்பட்டதாகப் பதிவானது நாலிலொரு பங்குக்கும் குறைவு என்று ஐ.நா.வின் அறிக்கை சொல்கிறது.

எனது பெட்டியின் முடிவு இதுதான். மொனிற்றரைத் துணியிலே சுற்றி, உடையாமல், அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் சேர்ப்பதற்கு அந்த இளைஞர் எடுத்துச் சென்றார். வன்தட்டைக் கொடுக்கவில்லை. அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கடிதங்கள் அதற்குள்ளே அழியாமலே கிடக்கும். அதை வேறாகக் கழற்றி வைத்துக்கொண்டேன். தகரப் பெட்டி இன்னும் மேசைக்குக் கீழே இருக்கிறது. பேரனும் இப்போது அதை இரும்புக்குக் கொடுக்கச் சொல்வதில்லை.

ஒன்பது தட்டுகளிலிருந்து எடுத்தவை முழுமையாக நாலு நாடகங்கள், பாதியிலே நிற்கும் ஒன்று. நண்பரின் மனைவியிடம் அச்சிட்டுக் கொடுத்தபோது, முதற் பக்கத்திலே அவர் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பிரதியொன்றை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கவும் சம்மதித்தார். 1981இலே நகரத்தின் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை நாம். ஒரே இடத்திலே ஒரே பிரதி என்பதை எங்களால் தாங்கிக்கொள்ள முடியாது.

பாதியிலே நிற்கும் அந்த நாடகத்தின் மிகுதி, பூஞ்சணம் பிடித்த ஐந்து தட்டுகளிலே எதிலோ இருக்கிறது. மூன்றரை அங்குலத் தட்டுகள், 1.44 மெகாபைட் கொள்ளளவு. தட்டைச் சுத்திகரித்து வாசிக்கத் தெரிந்தவர்களோ, நன்றாக ஓடும் பழைய இயக்கி வைத்திருப்பவர்களோ இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், நிலையத்தின் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். தகரத்தையும் எடுத்துக்கொண்டு நானே வருவேன்.